பாய்லருக்குப் போகும் தண்ணீரை ஏன் சுத்தம் செய்து, சூடாக்கி அனுப்புகிறார்கள்? இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? - முழு விளக்கம்

வாளித் தண்ணீரைச் சுட வைக்க நாம் போடும் ஹீட்டர் ராடை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்க. பிளக்கைக் கழட்டிவிட்டுத்தான்! புதுசா வாங்கும்போது பளபளன்னு இருந்த ராடு, ஆறு மாசத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா, சொரசொரன்னு ஆகியிருக்கும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் அதற்கு ஆறு மாதம்கூடத் தேவையில்லை.

முன்பு பத்து நிமிஷத்தில் சூடான வாளி, இப்போது இருபது நிமிஷம் எடுக்கும். கடைசியில் ஒருநாள் ராடு ‘புஸ்’ என்று போய்விடும். புது ராடு வாங்கினால் கதை முடிந்தது.

இதே வெள்ளைப் படிவு ஒரு சாயப்பட்டறையிலோ அரிசி ஆலையிலோ இருக்கும் பாய்லருக்குள் படிந்தால்? அங்கே கதை அவ்வளவு சுலபமா முடியாது. பக்கத்தில் நிற்கும் மனிதரின் உயிர் வரைக்கும் போகும் விஷயம் அது.

பாய்லர் என்றதும் நம் எல்லோருக்கும் நெருப்புதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒரு பாய்லர் எத்தனை வருஷம் ஓடும், எவ்வளவு விறகு தின்னும், பத்திரமாக ஓடுமா என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதற்குள் போகும் தண்ணீர். எப்படின்னு பார்க்கலாம்.

ஊட்டுநீர்னா என்ன?

பாடப்புத்தகத் தமிழில் பாய்லர் என்பது ‘கொதிகலன்’. கலன் என்றால் பாத்திரம். அழகான சொல்தான், ஆனால் ஆலைக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதேபோல, பாய்லருக்குள் செலுத்தப்படும் தண்ணீருக்கு ‘ஊட்டுநீர்’ என்று பெயர். ஆபரேட்டர்கள் சொல்வது ‘ஃபீட் வாட்டர்’. ரெண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஆவியாகிப் போகப் போக பாய்லருக்கு நாம் ஊட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்.

திருப்பூர், ஈரோடு பக்கம் சாயம் போடும் ஆலைகள், நெல்லைப் புழுக்கும் அரிசி ஆலைகள், சர்க்கரை ஆலைகள், பால் பதப்படுத்தும் நிலையங்கள், பெரிய மருத்துவமனைகளின் சலவைப் பிரிவு, அனல் மின் நிலையங்கள். நீராவி தேவைப்படும் இடம் எல்லாவற்றிலும் ஒரு பாய்லர் இருக்கும். அந்த பாய்லருக்குப் பின்னால் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு ஏற்பாடும் இருக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணியே போதாதா?

போதாது. நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் வேறு, பாய்லரின் அளவுகோல் வேறு.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவைத்தான் ‘கடினத்தன்மை’ என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் தரத்தின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் ஓகே. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. நம் உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். பாய்லர் தாங்காது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் சாதாரண பாய்லர் ஒன்று. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடுகிறது. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம். அப்படின்னா ஒரே நாளில் உள்ளே போன தண்ணீர் 20,000 லிட்டர். அதோடு சேர்ந்து போன கடின உப்பு 6 கிலோ. தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும், உப்பு போகாது. ஆறு கிலோவும் அப்படியே இரும்பில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. கொஞ்சம் சேறாக அடியில் தங்கும், கொஞ்சம் வடித்து வெளியேற்றப்படும். ஆனால் வந்து சேருவது தினமும் ஆறு கிலோ!

இதில் இன்னொரு சிக்கல். சர்க்கரையைச் சூடான தண்ணீரில் போட்டால் இன்னும் நல்லா கரையும். கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்ஃபேட்டும் இதற்கு நேர் எதிர். சூடு ஏற ஏற அவை கரைசலிலிருந்து பிரிந்து வரும். பாய்லரில் அதிகச் சூடான இடம் எது? நெருப்பு படுகிற டியூபின் சுவர். அதனால் அங்கேதான் போய் ஒட்டும். எந்த இடத்தில் படியவே கூடாதோ சரியாக அந்த இடத்தில்.

ஒரு மில்லிமீட்டர் படிவுக்கே இவ்வளவா?

இங்கேதான் உயிர் ஆபத்து வருகிறது, கொஞ்சம் கவனமா படிங்க.

அடுப்புக்குள் எரியும் நெருப்பின் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பத்தில் சாதாரண இரும்புக் குழாய் எப்படி உருகாமல், தொய்யாமல் நிற்கிறது? மறுபக்கம் தண்ணீர் இருப்பதால். நெருப்பு கொடுக்கும் வெப்பத்தை உடனுக்குடன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. 10 கிலோ அழுத்தத்தில் ஓடும் பாய்லரில் தண்ணீர் 184 டிகிரி அளவில் கொதிக்கும். டியூபின் உலோகமும் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் சூட்டில் இருக்கும். அதாவது, தண்ணீர்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது.

நடுவில் சுண்ணாம்புப் படிவு வந்துவிட்டால்? அது இரும்பைவிடப் பல மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. இரும்புக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி. நெருப்பு கொடுக்கும் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தேங்குகிறது. இரும்பின் சூடு ஏறும், பலம் குறையும், உள்ளே இருக்கும் அழுத்தத்தில் டியூப் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும். கடைசியில் கிழியும்.

கிழிந்தால் என்ன நடக்கும்? 184 டிகிரியில் தண்ணீர் தண்ணீராகவே இருப்பதற்குக் காரணம் அழுத்தம்தான். அழுத்தம் போன அடுத்த நொடி அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாக மாறும். தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரியும். வெடிகுண்டு மாதிரி என்று டிவியில் சொல்கிறோமே, அது மிகைப்படுத்தல் இல்லை.

அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே பணம் கரைய ஆரம்பித்திருக்கும். தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் படிவு இருந்தாலே எரிபொருள் செலவு 5 முதல் 8 சதவீதம் வரை கூடலாம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

வெளியில் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், கேஜ் கிளாஸ் என்பார்கள். மட்டம் குறைந்தால் தானாக நெருப்பை நிறுத்தும் சென்சாரும் இருக்கும். இவற்றை பாய்லரோடு இணைப்பவை சின்னக் குழாய்கள். சேறும் படிவும் அவற்றை அடைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் இல்லாதபோதும் கண்ணாடி ‘இருக்கு’ என்று காட்டும். தண்ணீர் வற்றி டியூப் பழுக்கக் காய்வதுதான் பாய்லர் விபத்துகளிலேயே பழைய வில்லன். அழுக்குத் தண்ணீர் அந்த வில்லனுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. கேஜ் கிளாஸை ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது திறந்து அடிக்கச் சொல்வது இதற்குத்தான்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘பாய்லர் வெடித்தது’ என்று வரும் செய்தி எல்லாவற்றுக்கும் தண்ணீர் காரணம் கிடையாது. 2017 நவம்பர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாஹார் அனல் மின் நிலையத்தில் 40க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தது, நெருப்புப் பக்கத்தில் சாம்பல் அடைத்து உலைக்குள் அழுத்தம் கூடிய விபத்து. அது வேறு வகை.

ஆயிரம் பேரைப் பலிகொண்ட ‘சுல்தானா’

தண்ணீருக்கும் பங்கு இருந்த விபத்துக்கு உதாரணம் கேட்டால், எல்லோரும் முதலில் காட்டுவது அமெரிக்காவின் ‘சுல்தானா’ நீராவிக் கப்பலை. 1865 ஏப்ரல் 27, அதிகாலை. உள்நாட்டுப் போர் முடிந்து, சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 376 பேர் ஏற வேண்டிய கப்பலில் 2,000 பேருக்கு மேல். மெம்ஃபிஸ் நகரைத் தாண்டி மிசிசிப்பி ஆற்றில் போகும்போது பாய்லர்கள் வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காரணம் ஒன்றல்ல, பல. பாய்லரில் அவசரமாகப் போட்ட ஒட்டு, அந்தக் காலத்து இரும்பின் தரம், நெருக்கமாக டியூப் வைத்த வடிவமைப்பு. அதோடு இன்னொன்று: அந்தக் கப்பல்கள் ஆற்றுத் தண்ணீரை அப்படியே பாய்லருக்குள் இழுத்துக்கொண்டன. மிசிசிப்பியோ கலங்கல் ஆறு. அந்தச் சேறு டியூப்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

கடலில் ஓடிய ஆரம்பகால நீராவிக் கப்பல்களின் நிலைமை இன்னும் மோசம். அவை கடல்நீரையே கொதிக்க வைத்தன! உப்பு சேரச் சேர, பாய்லர் நீரை அடிக்கடி திறந்து கடலிலேயே கொட்ட வேண்டும். 1830களில் சாமுவேல் ஹால் என்ற ஆங்கிலேயர், வேலை முடித்த நீராவியைக் கடல்நீரோடு கலக்காமல் தனியாகக் குளிரவைத்து, அதே நல்ல தண்ணீரை மறுபடி பாய்லருக்கு அனுப்பும் கண்டன்சரைக் கொண்டுவந்தார். இன்று மின் நிலையங்களில் இருப்பது அந்த யோசனையின் பெரிய உருவம்தான்.

அந்தக் காலத்து ஆபரேட்டர்களுக்கு ஒரு கைவைத்தியமும் இருந்தது. பாய்லருக்குள் உருளைக்கிழங்கு போடுவார்கள். ஜோக் இல்லைங்க! மாவுச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து, கெட்டியாக ஒட்டாமல் சேறாக வைத்திருக்கும். இன்று அதே வேலையை ஃபாஸ்ஃபேட், பாலிமர் ரசாயனங்கள் செய்கின்றன.

சாஃப்டனர் எப்படி வேலை செய்யுது?

சின்ன, நடுத்தர ஆலைகளில் பாய்லருக்கு முன்னால் ஒரு உயரமான டேங்க் நிற்கும். அதுதான் சாஃப்டனர். உள்ளே கடுகைவிடச் சின்ன உருண்டைகளாக ரெசின் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு உருண்டையும் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடினத் தண்ணீர் இதன் வழியாகப் போகும்போது, ரெசின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுத்துவிடும். பண்டமாற்று. சோடியம் உப்புகள் சூட்டில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டாது.

சோடியம் தீர்ந்துவிட்டால் ரெசின் ‘ஃபுல்’. அப்போது சாதாரண உப்பைக் கரைத்து உள்ளே விடுவார்கள். ரெசின் பிடித்து வைத்த கால்சியத்தை விட்டுவிட்டு மறுபடி சோடியத்தை ஏற்றிக்கொள்ளும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். மூலையில் அடுக்கியிருக்கும் உப்பு மூட்டைகளின் ரகசியம் இதுதான்.

பிரச்சினை என்னவென்றால், ரெசின் தீர்ந்துபோனது வெளியே தெரியாது. தண்ணீர் முன்பு மாதிரியே தெளிவாக வரும். பார்த்தால் தெரியாது, குடித்தாலும் சட்டென்று தெரியாது. ஒரே வழி சோதனை. கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைப் போட வேண்டும். கடினத்தன்மை இருந்தால் தண்ணீர் ஒயின் மாதிரி சிவக்கும். இல்லையென்றால் நீலம். ரெண்டு நிமிஷ வேலை. நீலம் என்றால் பாய்லருக்கு அனுப்பலாம், சிவப்பு என்றால் உப்பு மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

இந்த ரெண்டு நிமிஷ வேலைதான் ராத்திரி ஷிஃப்டில் தவறிப்போகக்கூடிய வேலையும்கூட. ஆர்டர் அவசரம், ஆள் பற்றாக்குறை, ‘காலையில பார்த்துக்கலாம்’. நான் மேலே சொன்ன கணக்குப்படி, அந்த ஒரு ராத்திரிக்குள் மூன்று கிலோ சுண்ணாம்பு உள்ளே போயிருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘சாஃப்டனர் வெச்சும் டி.டி.எஸ். மீட்டர்ல நம்பர் குறையவே இல்லை, ஏமாத்திட்டாங்க’ என்று நினைப்பவர்கள் உண்டு. சாஃப்டனர் உப்பைக் குறைக்காது, உப்பின் வகையை மட்டும் மாற்றும். மொத்த உப்பைக் குறைப்பது ஆர்.ஓ.வின் வேலை. ரெண்டும் வேற வேற.

சாஃப்டனர் தண்ணீரிலும் உப்பு இருப்பதால், அது பாய்லருக்குள் செறிந்துகொண்டே போகும். அளவு மீறினால் தண்ணீர் சோப்பு மாதிரி நுரைத்து நீராவியோடு சேர்ந்து வெளியே பாயும். அதனால் அவ்வப்போது அடிவால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுவார்கள். ப்ளோடவுன் என்று பெயர். கொட்டுவது தண்ணீர் மட்டுமில்லை, விறகு எரித்துச் சூடாக்கிய தண்ணீர். முதலிலேயே நல்ல தண்ணீர் ஊட்டினால் இந்தச் செலவு குறையும்.

சரி, சுத்தம் பண்ணியாச்சு. ஏன் சூடாக்கணும்?

எப்படியும் உள்ளே போய்க் கொதிக்கப்போகிற தண்ணீர்தானே, வெளியிலேயே எதற்குச் சூடாக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனில் இருக்கிறது.

மீன் உயிரோடு இருக்க உதவும் அதே ஆக்ஸிஜன், சூடான இரும்புக்கு எமன். படிவு மாதிரி பரவலாக இல்லாமல், இது ஒரே இடத்தில் ஊசியால் குத்திய மாதிரி அரித்துக்கொண்டே உள்ளே போகும். டியூப் முழுக்கப் புதுசு மாதிரி இருக்கும், ஒரே ஒரு இடத்தில் ஓட்டை விழும்.

தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்ஸிஜன் வெளியேறிவிடும். பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதற்கு ரொம்ப முன்னாடியே ஓரத்தில் சின்னச் சின்ன முத்து மாதிரி குமிழ் வருமே, அது பெரும்பாலும் கரைந்திருந்த காற்றுதான். 30 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும். 80 டிகிரியில் 3 மில்லிகிராமுக்கும் கீழே. கொதிநிலையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

இதை ஒரு இயந்திரமாகவே செய்து வைத்திருக்கிறார்கள். பெயர் டீஏரேட்டர், காற்று நீக்கி. தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, எதிரே நீராவியை விட்டு, 105 டிகிரி அளவுக்குக் கொண்டுபோவார்கள். பிரிந்த வாயு மேலே ஒரு சின்னக் குழாய் வழியாகப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும். நன்றாக ஓடும் டீஏரேட்டரிலிருந்து வரும் தண்ணீரில் மிஞ்சும் ஆக்ஸிஜன், லிட்டருக்கு 0.007 மில்லிகிராம். மேலே போகும் அந்த ஆவியைப் பார்த்து ‘வேஸ்டா போகுதே’ என்று வால்வை மூடிவிட்டால், வாயு போக வழியில்லாமல் மறுபடி தண்ணீருக்கே திரும்பும். மிச்சம் பிடிக்கிறேன் என்று டியூபை இழக்கும் வேலை அது.

மிச்ச ஆக்ஸிஜனைப் பிடிக்க ரசாயனம் போடுவார்கள். சின்ன பாய்லர்களில் சோடியம் சல்ஃபைட். ஒரு பங்கு ஆக்ஸிஜனுக்கு எட்டுப் பங்கு சல்ஃபைட் வேண்டும். அதாவது 30 டிகிரி தண்ணீரை அப்படியே ஊட்டினால் ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம். 80 டிகிரியில் ஊட்டினால் 25 கிராமுக்குள் முடிந்துவிடும். டீஏரேட்டர் வாங்க வசதியில்லாத ஆலைகள், ஃபீட் டேங்கை எவ்வளவு சூடாக வைக்க முடியுமோ அவ்வளவு சூடாக வைக்கச் சொல்வதன் காரணம் இது.

டீஏரேட்டரைப் பெரிய மின் நிலையங்களில் பல மாடி உயரத்தில் தூக்கி வைத்திருப்பார்கள். கொதிநிலையில் இருக்கும் தண்ணீரை பம்ப் இழுத்தால், இழுக்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீர் ஆவியாகிவிடும், பம்ப் கெட்டுப்போகும். மேலிருந்து அழுத்திக்கொண்டு வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எரிபொருள் எவ்வளவு மிச்சம்?

ஊட்டுநீரின் சூட்டை 6 டிகிரி கூட்டினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். இதுவும் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்குதான். 30 டிகிரிக்குப் பதில் 90 டிகிரியில் ஊட்டினால் 10 சதவீதம். உமி, விறகு, நிலக்கரி எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒரு கண்டிஷன். அந்தச் சூடு வீணாகப் போகிற இடத்திலிருந்து வர வேண்டும். தனியா ஒரு அடுப்பு பற்றவைத்து ஊட்டுநீரைச் சூடாக்கினால் மிச்சம் ஒன்றும் கிடையாது.

வீணாகும் சூடு ரெண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, புகைபோக்கி. 1845இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் கிரீன், புகை போகும் பாதையில் குழாய்களை நிறுத்தி அதற்குள் ஊட்டுநீரை ஓடவிட்டு ‘எகனாமைசர்’ என்று காப்புரிமை வாங்கினார். பேரே சிக்கனம்தான். புகைக்கரி படிந்தால் வேலை செய்யாது என்பதால் குழாய்களைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டையும் அவர் சேர்த்தார். 180 வருஷமாகியும் இன்று வரை அதே பேர், அதே வேலை.

இன்னொன்று, கண்டன்சேட். சாயத் தொட்டியைச் சூடாக்கிவிட்டு நீராவி மறுபடி தண்ணீராகும் இல்லையா, அந்தத் தண்ணீர். ஏற்கெனவே சுத்தமானது, ஏற்கெனவே சூடானது. அதைச் சாக்கடையில் விடுவது, காய்ச்சிய பாலைக் கொட்டிவிட்டுப் புதுப்பால் வாங்கப் போவது மாதிரி. சர்க்கரை ஆலைகளில் மட்டும் இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஏதாவது ஒரு குழாய் கசிந்து கண்டன்சேட்டில் கரும்புச்சாறு கலந்துவிட்டால், பாய்லருக்குள் சர்க்கரை சிதைந்து தண்ணீர் அமிலமாகி, நுரை கிளம்பும். அதனால் கண்டன்சேட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று ஆல்ஃபா நாஃப்தால் சோதனை செய்துகொண்டே இருப்பார்கள். ஊதா வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் பாய்லருக்குப் போகாது.

மின் நிலையம்னா கதையே வேற

சாயப்பட்டறை பாய்லருக்கு சாஃப்டனர் போதும். வட சென்னை, தூத்துக்குடி, மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையங்களுக்கு அது துளியும் போதாது. அங்கே தண்ணீரிலிருந்து உப்பை ஏறக்குறைய முழுசாகவே எடுத்துவிடுவார்கள். டி.எம். தண்ணீர் என்று பெயர்.

காரணம், அழுத்தம் கூடினால் எதிரிகளும் மாறுகிறார்கள். மணலில் இருக்கும் சிலிக்கா கொஞ்சம் கரைந்திருந்தால்கூட, உயர் அழுத்தத்தில் நீராவியோடு சேர்ந்தே பறந்துபோய் டர்பைன் இறக்கைகளில் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். கழுவினாலும் லேசில் போகாது.

2024 மார்ச்சில் திறக்கப்பட்ட வட சென்னை மூன்றாம் நிலை, 800 மெகாவாட் சூப்பர் கிரிட்டிக்கல் வகை. இந்த வகை பாய்லரில் அழுக்கு தங்கி வடிய ட்ரம் என்பதே கிடையாது. ஒரு பக்கம் தண்ணீராகப் போவது மறுபக்கம் நீராவியாக வெளியே வரும். உள்ளே போனது எல்லாம் டர்பைனுக்கே போகும் என்பதால், மறுசுழற்சியாகி வரும் தண்ணீரையும் ஒவ்வொரு சுற்றிலும் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

கடலோர நிலையங்களுக்குக் கூடுதல் தலைவலி. டர்பைனிலிருந்து வரும் நீராவியை அங்கே கடல்நீரால் குளிரவைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கண்டன்சர் குழாய்களில் ஒன்றில் சின்ன ஓட்டை விழுந்தாலும் கடல்நீர் ஊட்டுநீரில் கலந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மீட்டர்கள் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீரின் மின்கடத்தும் திறனைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையங்களில் ஊட்டுநீர் சூடாகும் விதமும் சுவாரசியம். கண்டன்சரிலிருந்து 45 டிகிரி அளவில் கிளம்பும் தண்ணீர், வரிசையாக ஹீட்டர்களைத் தாண்டி, நடுவில் டீஏரேட்டருக்குள் போய் வந்து, 210 மெகாவாட் யூனிட்களில் 240 டிகிரி அளவில் பாய்லருக்குள் நுழையும். சூடு எங்கிருந்து? டர்பைனில் பாதி வேலை முடித்த நீராவியைக் கொஞ்சம் திருடித்தான். ‘மின்சாரம் எடுக்கவேண்டிய நீராவியைத் திருடினால் நஷ்டம் இல்லையா’ என்று எனக்கும் முதலில் தோன்றியது. கடைசிவரை போகும் நீராவி, தன்னிடமுள்ள வெப்பத்தில் பெரும்பகுதியைக் கடலில்தான் கொட்டுகிறது. நடுவில் எடுத்த நீராவியோ அத்தனையையும் ஊட்டுநீருக்கே கொடுத்துவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான்.

மிஹாமா: பட்டியலில் விடுபட்ட ஒரு குழாய்

ஆபத்து பாய்லரோடு முடிவதில்லை. ஊட்டுநீர் வரும் பாதையிலும் இருக்கிறது என்பதற்கு ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையம் சாட்சி.

2004 ஆகஸ்ட் 9. மூன்றாவது யூனிட்டில் வருடாந்திர ஆய்வுக்கான வேலைகளைத் தொடங்க ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பைன் கட்டடத்துக்குள் இருந்தார்கள். ஹீட்டருக்கும் டீஏரேட்டருக்கும் நடுவில், 140 டிகிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த பெரிய குழாய் திடீரென்று கிழிந்தது. 5 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். கதிரியக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்களைக் கொன்றது சூடான ஊட்டுநீர்.

10 மில்லிமீட்டர் தடிமன் இருந்த குழாய்ச் சுவர், கிழிந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. 1976இல் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டுப் போயிருந்தது! இதே மாதிரி 1986 டிசம்பரில் அமெரிக்காவின் சர்ரி அணுமின் நிலையத்தில் ஊட்டுநீர்க் குழாய் கிழிந்து 4 தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தேய்மானத்துக்குக் காரணம் அழுக்கு இல்லை, சுத்தம். இரும்பின் மேல் இயற்கையாக ஒரு கறுப்பு ஆக்ஸைடு படலம் உருவாகி அதைக் காக்கும். ஆக்ஸிஜனே இல்லாத, மிகச் சுத்தமான, 130 - 150 டிகிரித் தண்ணீர் வேகமாகச் சுழித்து ஓடினால் அந்தப் படலம் கரைந்துகொண்டே போகும். படலம் மறுபடி உருவாகும், மறுபடி கரையும். குழாய் உள்பக்கமாக மெலியும். இதைத் தடுக்க அம்மோனியா மாதிரி ரசாயனங்களால் தண்ணீரைக் காரத்தன்மையில் வைக்கிறார்கள். பல சூப்பர் கிரிட்டிக்கல் நிலையங்களில், எடுத்த ஆக்ஸிஜனையே அளந்து துளியளவு திரும்பச் சேர்க்கவும் செய்கிறார்கள். தண்ணீர் அதிசுத்தமாக இருந்தால் மட்டும்தான் இது பலிக்கும். சாயப்பட்டறையில் யாரும் முயற்சி செய்துவிடக் கூடாது.

நம்ம ஊர்ல யார் பார்க்கணும்?

இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 2025இல் அதற்குப் பதில் புதுச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும், தகுதிச் சான்று பெற்ற ஆபரேட்டர்தான் ஓட்ட வேண்டும். 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு இருந்தால் சட்டம் பொருந்தாது. நம்ம வீட்டு குக்கருக்கு லைசென்ஸ் தேவையில்லை.

ஆய்வாளர் வருவது என்றோ ஒரு நாள். தண்ணீர் உள்ளே போவதோ தினமும். அதனால் பாய்லர் இருக்கும் இடத்தில் வேலை செய்பவரா நீங்கள்? பார்க்க வேண்டியது சுவரில் மாட்டிய சான்றிதழை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் லாக் புக்கையும். கடினத்தன்மை, டி.டி.எஸ்., ஃபீட் டேங்க் வெப்பம் ஆகியவை ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதப்பட்டிருக்கிறதா? மாசம் முழுக்க ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே நம்பர் இருக்கிறதா? அப்படி இருந்தால் யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். புகைபோக்கியில் புகையின் சூடு மாதா மாதம் ஏறிக்கொண்டே வந்தால், படிவோ புகைக்கரியோ சேர்கிறது என்று அர்த்தம்.

‘ஆர்.ஓ. தண்ணி ஊத்திட்டா எல்லாம் தீர்ந்துச்சா?’ என்று கேட்டால், இல்லை. ஆர்.ஓ. உப்பை நிறுத்தும். கரைந்த ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் அதன் சவ்வைத் தாண்டி வந்துவிடும். ஆர்.ஓ. போட்டாலும் தண்ணீரைச் சூடாக்கி வாயுவை விரட்டத்தான் வேண்டும்.

வீட்டு ராடுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழட்டி, நன்றாக ஆறிய பிறகு, வெள்ளை படிந்த பகுதியை மட்டும் வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு கரையும். கத்தியால் சுரண்ட வேண்டாம். கழுவி, முழுசாக் காய்ந்த பிறகுதான் மறுபடி கரண்ட்.